சோதனைக்கூடத்திலிருந்து ஆய்விதழுக்கு: பொறியியல் ஆய்வுக் கட்டுரையை எழுதி அனுப்பும் முறை

செட்டிநாட்டில் பொறியியல் ஆராய்ச்சி முக்கால் நூற்றாண்டாக நடந்து வருகிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு, ஊரார் வாயில் சிக்ரிக்கு, 1948 ஜூலை 25 அன்று ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, 1952இல், அழகப்பச் செட்டியார் பெயரிலான பொறியியல் கல்லூரி தொடங்கிவிட்டது. ஆகவே இந்த வட்டாரத்தில் படிக்கும் மாணவருக்குச் சோதனைக்கூடமும் வழிகாட்டும் ஆசிரியரும் எட்டாத தொலைவில் இல்லை. ஆனாலும் நல்ல சோதனைகளைப் பொறுமையாகச் செய்து முடித்த பலர், அதைக் கட்டுரையாக்கி ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டத்தில் தடுமாறி நிற்பதைக் காண்கிறேன். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைச் சுருக்கினால் கட்டுரை ஆகிவிடும் என்ற எண்ணத்தில்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. ரிப்போர்ட் என்பது, இவ்வளவு வேலை செய்திருக்கிறேன் என்று தேர்வாளருக்குக் காட்டுவதற்காக எழுதப்படுகிறது. ஆய்விதழ்க் கட்டுரையைப் படிப்பவர் உங்களை அறியாத, உங்கள் கல்லூரியையும் அறியாத ஒரு பொறியாளர். அவருக்கு ஒரு கேள்வியும், அதன் விடையும், அந்த விடையை நம்புவதற்கான சான்றும் வேண்டும். கட்டுரையில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்த இதழுக்கு அனுப்புவது, இதழுக்காகக் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பாய்வாளருக்கு எப்படிப் பதில் எழுதுவது என்ற எல்லா முடிவுகளும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்க வேண்டும்.

கேள்வியைக் கூர்மையாக்குதல்

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளின் வளவிலும் (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதி) பட்டாலையிலும் (முன்கூடம்) பதித்திருக்கும் ஆத்தங்குடி டைல் அடுப்பில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலைத் தகட்டச்சைப் பொருத்தி, ஆக்சைடு நிறமி கலந்த சிமென்ட் குழம்பை ஒவ்வொரு அறையிலும் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியபின் உலர்ந்த சிமென்ட் மணல் கலவையைத் தூவி, அதன் மேல் ஈரக் காரையை நிரப்பி மட்டப்படுத்துகிறார்கள். பிறகு உலர்த்தலும், தொட்டி நீரில் ஊறவைத்தலும். கண்ணாடியைத் தொட்டிருந்த முகமே பளபளப்பான மேல்முகமாகிறது. சிவில் படிக்கும் ஒரு மாணவர் இந்த டைலைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"ஆத்தங்குடி டைலின் பண்புகள் பற்றிய ஆய்வு" என்பது தலைப்பாக இருக்கலாம், கேள்வியாகாது. அதில் நீர் உறிஞ்சல், வளைவு வலிமை, தேய்மானம், நிறமி, செலவு என்று எல்லாவற்றையும் கொட்ட இடமிருக்கிறது. எதையும் முடிவாகச் சொல்ல இடமில்லை. "நீரில் ஊறும் நாள்களைக் கூட்டினால் நீர் உறிஞ்சல் எவ்வளவு குறைகிறது, எந்த நாளுக்குப் பின் குறைவது நின்றுவிடுகிறது?" என்பது கேள்வி. இதற்கு அளந்து விடை சொல்ல முடியும். விடை தவறாக இருந்தால் மற்றொருவர் சோதித்து மறுக்கவும் முடியும். சிமென்ட் தரை டைல்களுக்கான ஐ.எஸ். 1237 என்னும் இந்தியத் தரநிலை நீர் உறிஞ்சலுக்கு 10 சதவீத வரம்பு வைத்திருப்பதால், விடையை ஒப்பிட ஓர் அளவுகோலும் கையில் இருக்கிறது.

அடுத்து, செட்டிநாட்டுக்கு வெளியே இருப்பவருக்கு இந்த விடை எதற்கு என்று உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். "எங்கள் ஊர்ப் பாரம்பரியக் கலை" என்பது பெருமைக்குரிய காரணம்தான். ஆனால் பொறியியல் இதழின் பதிப்பாசிரியருக்கு அது போதாது. ஸ்பெயின், மொராக்கோ, கியூபா, வியட்நாம் ஆகிய நாடுகளிலும் இதே போலச் சுடாத, நிறமிட்ட சிமென்ட் டைல்கள் பழைய கட்டடங்களில் உள்ளன. அவற்றைப் பழுதுபார்ப்பவருக்கும் புதிதாகச் செய்பவருக்கும் இந்த எண் பயன்படும். இந்த ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டால் உள்ளூர்ப் பொருளைப் பற்றிய வேலை உலகுக்கு உரிய வேலையாகிவிடுகிறது. எழுத முடியவில்லை என்றால், கட்டுரைக்கு உட்காரும் முன் கைடிடம் போய்ப் பேசுவது நல்லது.

இதழைத் தேர்ந்தெடுத்தல்

கட்டுரையை முழுதாக எழுதி முடித்தபின் இதழைத் தேடுவதே வழக்கமாக இருக்கிறது. அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். முடிவுகள் கைக்கு வந்தவுடன் இரண்டு மூன்று இதழ்களைக் குறித்துக்கொண்டால், கட்டுரையின் நீளம், வடிவம், எவ்வளவு பின்னணி சொல்ல வேண்டும் என்பவை தாமாகத் தெளிவாகும். இதழின் நோக்கமும் எல்லையும் என்ற பக்கத்தைப் படிப்பதோடு நிற்காமல், கடந்த இரண்டு ஆண்டுகளில் அதில் வந்த கட்டுரைகளின் தலைப்புகளை ஒரு முழு மாலை உட்கார்ந்து பாருங்கள். உங்கள் மேற்கோள் பட்டியலில் அந்த இதழின் கட்டுரை ஒன்றுகூட இல்லையென்றால், உங்கள் வேலைக்கும் அதன் வாசகர்களுக்கும் தொடர்பில்லை என்றே பெரும்பாலும் பொருள்.

பணம் கொடுத்துத்தான் வெளியிட வேண்டும் என்று நினைக்கும் மாணவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி வெளியிடும் 'சாதனா' முழுக்கப் பொறியியலுக்கான இதழ். அதே அகாடமி 'புல்லட்டின் ஆஃப் மெட்டீரியல்ஸ் சயின்ஸ்' இதழையும் வெளியிடுகிறது. அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் கீழ் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் இன்ஜினியரிங் அண்ட் மெட்டீரியல்ஸ் சயின்சஸ்' வருகிறது. வெளிநாட்டுப் பெரிய பதிப்பகங்களின் இதழ்களிலும் பல, சந்தா வழியில் வெளியிடக் கட்டுரையாசிரியரிடம் கட்டணம் கேட்பதில்லை. எல்லோரும் இலவசமாகப் படிக்கும் திறந்த அணுக்க வழியைத் தேர்ந்தால்தான் ஏ.பி.சி. எனப்படும் கட்டணம் வரும். எந்த வழி என்பதைச் சமர்ப்பிக்கும் முன்பே இதழின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள், கட்டுரை ஏற்கப்பட்டபின் திகைக்க வேண்டியிருக்காது.

போலி இதழ்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவற்றில் போன கட்டுரை திரும்பி வராது. "ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம்" என்று வாட்ஸ்ஆப்பிலும் மின்னஞ்சலிலும் வரும் அழைப்பு, பெயர் தெரியாத தரவரிசை எண்களைப் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் இணையதளம், மதிப்பாய்வுக் கருத்து ஒரு வரிகூட இல்லாமல் வரும் ஏற்புக் கடிதம், மருத்துவம் முதல் மேலாண்மை வரை எல்லாத் துறைகளையும் ஒரே இதழில் அடக்கும் பேராசை ஆகியவை தெளிவான அறிகுறிகள். இன்னொரு வகை இன்னும் ஆபத்தானது: உண்மையான, நல்ல பெயருள்ள இதழின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். என்னும் இதழ் அடையாள எண்ணையும் திருடி அதே தோற்றத்தில் ஒரு தளம் நடத்துவது. ஆய்விதழ்களைத் தொகுக்கும் தரவுத்தளமான ஸ்கோபஸில் இதழ் இருக்கிறதா என்று அந்த இதழின் தளத்திலேயே பார்க்கக் கூடாது. ஸ்கோபஸின் பட்டியலில் பெயரைத் தேடி, அங்கிருந்து பதிப்பகத்தின் பெயரைச் சரிபார்த்து, அந்தப் பதிப்பகத்தின் தளம் வழியாகவே இதழுக்குப் போக வேண்டும். ஏற்கத்தக்க இதழ்களைக் காட்ட 2019இல் தொடங்கப்பட்ட யு.ஜி.சி. கேர் பட்டியலைக் கைவிடுவதாகப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. பழைய பட்டியலைக் காட்டி எவரேனும் உங்கள் கட்டுரையைக் கேட்டால் ஏமாற வேண்டாம். 2015 முதல் 'திங்க் செக் சப்மிட்' என்ற தளம் இதழைச் சோதித்துப் பார்ப்பதற்கான கேள்விகளை இலவசமாகத் தருகிறது. அவற்றுக்கு விடை சொல்லிப் பார்ப்பது கால் மணி நேர வேலைதான்.

படிக்க வேண்டிய கட்டுரைகள் பணத்துக்குப் பின்னால் பூட்டியிருக்கின்றன என்ற குறை இப்போது ஓரளவு தீர்ந்திருக்கிறது. ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரி 1 முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்து விட்டிருக்கிறது. உங்கள் கல்லூரி அதில் சேர்ந்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள்.

படங்களிலிருந்து தொடங்குங்கள்

எழுத உட்காரும்போது முன்னுரையைத் தொடக் கூடாது. முதலில் படங்களையும் அட்டவணைகளையும் செய்து, அவற்றை மேசையில் வரிசையாகப் பரப்பி வையுங்கள். படங்களை மட்டுமே பார்க்கும் ஒருவருக்குக் கேள்வியும் விடையும் புரிய வேண்டும். எந்தப் படத்தை எடுத்துவிட்டாலும் வாதம் குலையவில்லையோ அந்தப் படம் கட்டுரைக்கு வேண்டாம். கூடுதல் தரவுக் கோப்பில் அதற்கு இடம் உண்டு. சோதனைக்கூடத்தின் முன் எல்லோரும் டைலோடு நிற்கும் புகைப்படம் அங்கேயும் வேண்டாம்.

பல இதழ்களில் பக்கத்தின் ஒரு நெடுவரிசைக்குள் அடங்கும் படத்தின் அகலம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர்தான். எக்செல்லில் திரை முழுக்கப் பெரிதாக வரைந்த வரைபடத்தை அந்த அகலத்துக்குச் சுருக்கினால் எழுத்துகள் எறும்பு வரிசை போல ஆகிவிடும். ஆகவே தொடக்கத்திலேயே 90 மில்லிமீட்டர் அகலத்தில் வரைந்து, தாளில் அச்சிட்டு, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். புகைப்படத்துக்கு 300 டி.பி.ஐ. தெளிவு வேண்டும், கோட்டு வரைபடத்துக்கு அதைவிடக் கூடுதலாக, பெரும்பாலும் 1000 வரை, கேட்பார்கள். அச்சுகளில் அளவின் பெயரும் அலகும் இருக்க வேண்டும். புள்ளிகளின் மேல், அளவீடுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் பிழைக்கோடு போட்டு, அது திட்டவிலக்கமா வேறு எதுவா என்பதையும், ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை மாதிரிகளைச் சோதித்தீர்கள் என்பதையும் படத்தின் அடிக்குறிப்பிலேயே எழுதுங்கள். சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பி இரண்டு கோடுகளை வேறுபடுத்தாதீர்கள்; நிறக்குருடு உள்ளவருக்கும், கறுப்பு வெள்ளையில் அச்சிடுபவருக்கும் அவை ஒன்றாகவே தெரியும். டைலின் மேல்முகத்தைப் படமெடுத்தால் பக்கத்தில் ஓர் அளவுகோல் வேண்டும்.

செய்முறையும் முடிவுகளும்

செய்முறைப் பகுதியை எழுதும்போது ஒரே ஒரு சோதனை போதும்: கியூபாவின் ஹவானாவில் இருக்கும் ஒரு பொறியாளர் உங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் இதைத் திரும்பச் செய்ய முடியுமா? "உள்ளூர் மணல் பயன்படுத்தப்பட்டது" என்றால் அவரால் முடியாது. மணலின் நுண்மைக் குணகம், சல்லடை அளவு, சிமென்டின் வகையும் தரமும், நிறமியின் வேதிப் பெயரும் எடை விகிதமும், நீர் சிமென்ட் விகிதம், ஊறவைத்த நீர் எங்கிருந்து வந்தது, அன்றைய வெப்பநிலை, பளு ஏற்றிய வேகம், சோதனை இயந்திரத்தின் கொள்திறன் எல்லாம் வேண்டும். தரநிலையைக் குறிப்பிடும்போது அதன் எண்ணோடு ஆண்டையும் எழுதுங்கள், ஏனெனில் தரநிலைகள் திருத்தப்படுகின்றன. கைவினைஞர் கண் அளவில் செய்யும் வேலை இருந்தால் அதை மறைக்காமல் சொல்லி, எடுத்துக்காட்டாக மேல் பூச்சின் தடிமன் ஒவ்வொரு டைலிலும் எவ்வளவு மாறியது என்று வெட்டி அளந்து தாருங்கள். மதிப்பாய்வாளர்கள் கையால் செய்த பொருளின் ஏற்ற இறக்கத்தைக் குறையாக எண்ணுவதில்லை. அது அளக்கப்படாமல் விடப்பட்டதைத்தான் கேட்பார்கள்.

முடிவுகளைச் சொல்லும் வாக்கியங்களில் பெரும்பாலான முதல் வரைவுகள் தோற்கின்றன. "படம் 3 நீர் உறிஞ்சலைக் காட்டுகிறது. ஊறும் காலம் கூடக்கூட நீர் உறிஞ்சல் கணிசமாகக் குறைந்தது" என்று ஒரு மாணவர் எழுதுகிறார். முதல் வாக்கியம் படத்தின் அடியிலேயே இருக்கிறது. இரண்டாவதில் உள்ள 'கணிசமாக' என்பதற்கு அளவு இல்லை. அதையே, "7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையே நீர் உறிஞ்சல் மாதிரிகளுக்கிடையிலான வேறுபாட்டைவிடத் தெளிவாகக் குறைந்தது, 14ஆம் நாளுக்கும் 28ஆம் நாளுக்கும் இடையே கண்ட வேறுபாடு அந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது (படம் 3)" என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் உங்கள் எண்ணையும் கொடுத்தால், வாசகருக்கு விடை கிடைத்துவிடுகிறது. எண்களிலும் நிதானம் வேண்டும்: தராசு ஒரு கிராம் வரைதான் காட்டும் என்றால் 7.386 சதவீதம் என்று எழுத இடமில்லை.

முடிவு எது, விளக்கம் எது என்பதைக் கலக்காதீர்கள். குறைந்தது என்பது முடிவு. சிமென்டின் நீரேற்றம் தொடர்ந்து நடந்து நுண்துளைகள் அடைபட்டதால் குறைந்தது என்பது விளக்கம். அதற்கு உங்களிடம் நுண்ணோக்கிப் படமோ துளை அளவீடோ இல்லையென்றால், "இருக்கலாம்" என்ற சொல்லோடும் முன்னோர் ஆய்வின் மேற்கோளோடும் நிறுத்திக்கொள்ள வேண்டும். எதிர்பார்ப்புக்கு மாறான முடிவு வந்திருந்தால் அதை விட்டுவிடாமல் காட்டுவது கடமை.

முன்னுரை, தலைப்பு, சுருக்கம்

இவற்றைக் கடைசியில் எழுதுங்கள். முன்னுரை நான்கு அடிகளில் முடிய வேண்டும்: எதைப் பற்றிய சிக்கல், இதுவரை தெரிந்தது என்ன, தெரியாதது எது, அதில் எதை இந்தக் கட்டுரை தீர்க்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் வரலாற்றையும் பர்மாத் தேக்கையும் இரண்டு பக்கம் சொல்லத் தோன்றும். அந்த ஆசையை ஒரு வாக்கியத்தோடு அடக்கிக்கொள்ளுங்கள். "இவர் 2010இல் இதைச் செய்தார், அவர் 2014இல் அதைச் செய்தார்" என்று பட்டியல் போடுவதைவிட, அவர்கள் எல்லோரும் எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் முரண்படுகிறார்கள் என்று சொல்வதே மதிப்புடையது.

தலைப்பில் பொருளும், மாற்றிய காரணியும், அளந்த பண்பும் இருந்தால் போதும். சுருக்கம் பெரும்பாலான இதழ்களில் 250 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. அதில் குறைந்தது ஒரு முக்கியமான எண்ணாவது இருக்க வேண்டும். எல்செவியர் பதிப்பகத்தின் இதழ்கள் பல ஹைலைட்ஸ் என்று மூன்று முதல் ஐந்து வரிகள் கேட்கும். ஒவ்வொன்றும் இடைவெளியையும் சேர்த்து 85 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். அந்தச் சிறிய இடத்தில் எழுத முயலும்போது உங்கள் விடை உங்களுக்கே எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

மொழியைப் பற்றிய அச்சம் நம் மாணவர்களிடம் அதிகம். ஆய்விதழுக்கு வேண்டியது எளிய, சரியான ஆங்கிலம். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி, ஒரு பொருளுக்குக் கட்டுரை முழுதும் ஒரே பெயர், அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவுக் கருவியை மொழி திருத்தப் பயன்படுத்தினால், இதழின் விதிப்படி அதைக் கட்டுரையிலேயே அறிவிக்க வேண்டும். அந்தக் கருவியை ஆசிரியராகச் சேர்க்க முடியாது என்று பதிப்பு நெறிமுறைக் குழுவான கோப் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது, ஏனெனில் தவறுக்குப் பொறுப்பேற்க அதனால் இயலாது. மேற்கோள்களை மட்டும் ஒருபோதும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்குப் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் கச்சிதமாகத் தந்துவிடும். ஒவ்வொரு மேற்கோளின் டி.ஓ.ஐ. எண்ணையும் (கட்டுரையின் நிலையான இணைய அடையாளம்) திறந்து, அந்தக் கட்டுரை இருக்கிறதா, திரும்பப் பெறப்பட்டதா, நீங்கள் சொல்வதைத்தான் சொல்கிறதா என்று பாருங்கள். சோட்டேரோ போன்ற இலவச மென்பொருளில் அவற்றைச் சேர்த்து வைத்தால் இதழ் மாறும்போது மேற்கோள் வடிவத்தை ஒரே சொடுக்கில் மாற்றிக்கொள்ளலாம்.

யார் பெயர், எந்த வரிசையில்

இது மன வருத்தங்கள் பிறக்கும் இடம், ஆகவே வேலை தொடங்கும்போதே பேசி எழுதி வைப்பது எல்லோருக்கும் நல்லது. ஆய்வை வடிவமைத்ததிலோ சோதனை செய்ததிலோ தரவை ஆராய்ந்ததிலோ எழுதியதிலோ உண்மையான பங்கு இருப்பவரே கட்டுரையாசிரியர். துறைத்தலைவர் என்பதற்காக மட்டும் ஒருவர் பெயரைச் சேர்ப்பதும், உடன் உழைத்த இளைய மாணவரின் பெயரை விடுவதும் ஒரே அளவு தவறு. இப்போது பல இதழ்கள் கிரெடிட் என்ற 14 பங்களிப்பு வகைகளில் யார் எதைச் செய்தார் என்று எழுதித் தரச் சொல்கின்றன. பேச்சைத் தொடங்க அந்தப் பட்டியலையே மேசையில் வைக்கலாம். டைல் பட்டறையைத் திறந்து விட்டு, அச்சும் கலவையும் சொல்லிக்கொடுத்த பட்டறைக்காரருக்கு நன்றியுரையில் பெயரோடு இடம் தர வேண்டும். அதற்கு முன் அவரிடம் ஒப்புதல் கேட்க வேண்டும். அவருடைய கலவை விகிதம் தொழில் இரகசியம் என்றால், எதை வெளியிடலாம் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நம் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. முதற்பெயர், குடும்பப் பெயர் என்று சமர்ப்பிப்புத் தளம் இரண்டு கட்டங்கள் காட்டும். நமக்கு இருப்பதோ தந்தை பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும். ஒரு கட்டுரையில் முதலெழுத்தைக் குடும்பப் பெயராகவும், அடுத்ததில் தந்தையின் பெயரை விரித்தும் எழுதினால், தரவுத்தளங்கள் உங்களை இரண்டு ஆளாகப் பிரித்துவிடும். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணை இலவசமாகப் பெற்று, வாழ்நாள் முழுதும் அதையே பயன்படுத்துங்கள்.

அனுப்பும் முன்

உங்கள் சொற்கள் ஏற்கெனவே வெளியானவற்றோடு எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று மென்பொருள் காட்டும் ஒத்திருப்பு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு விதிகளில் 10 சதவீதம் வரையிலான ஒத்திருப்புக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் படிப்படியாக நடவடிக்கை உண்டு. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது. ஒருவருடைய முடிவுப் பத்தியை அப்படியே எடுத்திருந்தால் மூன்று சதவீதமும் திருட்டே. செய்முறையில் தரநிலையின் சொற்கள் ஒத்துப்போவது இயல்பு. உங்களுடைய மாநாட்டுக் கட்டுரையை விரித்து எழுதியிருந்தால், அதை மேற்கோள் காட்டி, புதிதாக என்ன சேர்த்தீர்கள் என்று பதிப்பாசிரியருக்குச் சொல்லுங்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது எந்த நிலையிலும் கூடாது.

முனைவர் பட்டக் கெடு நெருங்குவதால் அவசரப்படுகிறோம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற தேசிய அளவிலான கட்டாயத்தை நீக்கிவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் அதை வைத்திருக்கலாம். ஆகவே அந்த விதியின் வாசகத்தையே வாங்கிப் படித்துவிட்டு, நல்ல இதழுக்கு ஆகும் மாதங்களைக் கணக்கிட்டுத் திட்டமிடுங்கள்.

கட்டுரையோடு பதிப்பாசிரியருக்கு அனுப்பும் கவர் லெட்டர் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். கேள்வி என்ன, விடை என்ன, இந்த இதழின் வாசகருக்கு அது ஏன் வேண்டும் என்று மூன்று பத்திகள். கட்டுரை வேறெங்கும் அனுப்பப்படவில்லை, ஆசிரியர் அனைவரும் ஒப்புக்கொண்டனர் என்று ஒரு வரி. மதிப்பாய்வாளர்களின் பெயரைப் பரிந்துரைக்கச் சொன்னால், உங்களோடு சேர்ந்து எழுதாத, உங்கள் நிறுவனத்தைச் சேராத, நீங்கள் படித்து மேற்கோள் காட்டியவர்களின் நிறுவன மின்னஞ்சலைக் கொடுங்கள். எடிட்டோரியல் மேனேஜர், ஸ்காலர்ஒன் போன்ற தளங்கள் எல்லாக் கோப்புகளையும் சேர்த்து ஒரு பி.டி.எஃப். ஆக்கித் தரும். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பார்க்காமல் ஒப்புதல் பொத்தானை அழுத்தாதீர்கள்: சமன்பாட்டில் கிரேக்க எழுத்து கட்டமாக மாறியிருக்கும், ஒரு படம் விடுபட்டிருக்கும், பெயர் மறைத்து அனுப்ப வேண்டிய இதழில் நன்றியுரை உங்கள் கல்லூரியைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

பதில் வந்தபின்

மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் சில நாள்களில் திருப்பிவிட்டால், பெரும்பாலும் இதழின் எல்லைக்குள் அது வரவில்லை என்றோ புதுமை விளங்கவில்லை என்றோ பொருள். முன்னுரையையும் கவர் லெட்டரையும் திருத்தி அடுத்த இதழுக்கு அனுப்பலாம். மதிப்பாய்வுக்குப் போனால் மாதக் கணக்கில் காத்திருக்க நேரும். மேஜர் ரிவிஷன், அதாவது பெரிய திருத்தங்கள் வேண்டும், என்று வந்தால் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. உண்மையில் அது பதிப்பாசிரியர் கட்டுரையைக் கைவிடவில்லை என்பதற்கான அடையாளம்.

ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்து எழுதி, அதன் கீழ் பதிலையும், கட்டுரையில் மாற்றிய இடத்தையும் குறிப்பிடுங்கள். "ஊறவைத்த நீரின் தன்மை சொல்லப்படவில்லை" என்று மதிப்பாய்வாளர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஆலோசனைக்கு நன்றி, திருத்திவிட்டோம்" என்பது பதிலாகாது. "பட்டறையின் ஆழ்குழாய்க் கிணற்று நீரே பயன்படுத்தப்பட்டது. அதன் பி.எச்., மொத்தக் கடினத்தன்மை, குளோரைடு அளவு ஆகியவற்றை அளந்து அட்டவணை 2இல் சேர்த்துள்ளோம், செய்முறைப் பகுதியில் பக்கம் 5, வரி 12 முதல் 16 வரை பார்க்கவும்" என்பதே பதில். மதிப்பாய்வாளர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால்கூட, அவருக்கே அப்படிப் புரிந்திருந்தால் மற்றவருக்கும் புரியலாம் என்று எண்ணி அந்த வாக்கியத்தைத் தெளிவாக்குங்கள். அவர் கேட்கும் சோதனை உங்கள் கேள்விக்குத் தேவையற்றது என்று உறுதியாகத் தோன்றினால் மறுக்கலாம். மறுப்பில் காரணமும் மேற்கோளும் மரியாதையும் மூன்றும் இருக்க வேண்டும். தம் கட்டுரைகளையே மேற்கோள் காட்டச் சொல்லும் மதிப்பாய்வாளருக்குப் பணிய வேண்டியதில்லை. பொருத்தமானதை மட்டும் சேர்த்து, மற்றதைப் பற்றிப் பதிப்பாசிரியருக்குத் தனியாக எழுதலாம்.

நிராகரிக்கப்பட்டால், கருத்துகளைக் கணக்கில் எடுக்காமல் அப்படியே வேறு இதழுக்கு அனுப்பாதீர்கள். நம் துறைகள் சிறியவை. அதே மதிப்பாய்வாளரிடமே கட்டுரை மீண்டும் போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

ஏற்கப்பட்டபின், வெளியாகும் வடிவில் பிழை பார்ப்பதற்கான ப்ரூஃப் வரும். பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் பார்த்துத் தரச் சொல்வார்கள். அப்போது புதிய பத்தி சேர்க்க முடியாது. ஆசிரியர் பெயர்களின் எழுத்துகள், நிறுவன முகவரி, அட்டவணையில் தசமப் புள்ளிகள், அலகுகள், சமன்பாடுகளின் கீழ்க்குறிகள், நிதியுதவி எண் ஆகியவற்றை ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றொருவர் ப்ரூஃபைப் பார்க்கும் முறையில் சரிபார்ப்பதே நம்பகமானது. சோதனையின் மூலத் தரவுகளை, உடைந்த மாதிரிகளின் படங்களோடும் குறிப்பேட்டோடும், தேதி போட்டுக் கல்லூரியில் பத்திரப்படுத்துங்கள், ஆண்டுகள் கழித்தும் யாரேனும் கேட்கக்கூடும். வெளியான பின் தவறு கண்டுபிடிக்கப்பட்டால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், பதிப்பாசிரியருக்கு உடனே எழுதித் திருத்தக் குறிப்பு வெளியிடச் சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பு கட்டுரையின் டி.ஓ.ஐ. பக்கத்தோடு இணைந்தே நிற்கும்.